பள்ளி இசை வகுப்பில் நம் மலை வாத்தியங்கள்: எங்கிருந்து தொடங்குவது?

கோத்தகிரி டீச்சர்:

வணக்கம். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். முன்னாள் மாணவர் ஒருவர் இசை பீரியடுக்கென்று பணம் தர முன்வந்திருக்கிறார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எல்லாரும் ஒரே குரலில் கீபோர்டு வாங்கலாம் என்றார்கள். நான்தான் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

என் வகுப்பில் கோத்தர், இருளர், படுகர் வீட்டுப் பிள்ளைகளும், அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயின் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். கோத்தர்களின் சாமியான கம்பட்டராயர் திருவிழா வந்தால் அவர்கள் ஊரில் கொள் என்ற ஊதுகருவி, கொம்பு, பறை எல்லாம் நாள்கணக்கில் ஒலிக்கும். இருளர் குடியிருப்பான பதியில் தவிலும் குழலும் உண்டு. லைன் வீடுகளில் தப்பு என்ற பறை உண்டு. ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் படுகர் ஊர்களான ஹட்டிகளில் எல்லாரும் சேர்ந்து ஆடுகிறது. இதையெல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளை பள்ளிக்குள் வந்தால், இசை என்பது ஸ்பீக்கரில் போடும் பாட்டு மட்டும்தான். ஆண்டு விழாவில் 'பழங்குடி நடனம்' ஒன்று வைக்கிறோம். அதற்கும் பென்டிரைவ். அந்த இசையை வாசிக்கத் தெரிந்த தாத்தா கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறார். எனக்கு இது பொறுக்கவில்லை.

எந்த வாத்தியத்தில் தொடங்குவது, யார் சொல்லிக்கொடுப்பது, மழைக்காலத்தில் தோல் என்னாகும், பெற்றோர் என்ன சொல்வார்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அரவேணு அப்பா:

டீச்சர், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் பெற்றோர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். ஊட்டியில் பெரிய பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் பியானோ கற்று லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வு எழுதுகிறார்கள். அந்தச் சான்றிதழ் சென்னையிலும் செல்லும், வெளிநாட்டிலும் செல்லும். நம் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு பள்ளியில் வரும் அந்த ஒரு பீரியடுதான். அதிலும் வீட்டில் கேட்கும் மேளத்தையே சொல்லிக்கொடுத்தால், வெளியே இருப்பதை எங்கே போய்க் கற்பான்? வீட்டில் இல்லாததைத் தருவதற்குத்தானே பள்ளி.

பந்தலூர் வாத்தியார்:

அரவேணு சார், 'வீட்டில் கேட்கும் மேளம்' என்கிறீர்களே, அது இன்னும் கேட்கிறது என்று நம்பிவிடாதீர்கள். நான் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் இருந்தவன். பணியர் பழங்குடிப் பிள்ளைகள் முதல் வகுப்பிலேயே விடுதிக்கு வந்துவிடுகிறார்கள். திருவிழாவுக்கும் சாவுக்கும்தான் ஊருக்குப் போவார்கள். அப்பன் துடி என்ற சிறு மேளம் அடிப்பதை அருகில் உட்கார்ந்து பார்த்துக் கற்கும் வயது முழுக்க விடுதியில் கழிகிறது. பள்ளிதான் அந்தப் பிள்ளையை வாத்தியத்திடமிருந்து பிரித்தது. அதனால் ஈடு செய்யும் கடமையும் பள்ளிக்குத்தான் என்று நினைக்கிறேன்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். துடியும் குழலும் தெரிந்த பெரியவர் இருவரைக் கூப்பிட்டோம். முதல் நாள் அவர்கள் வகுப்பறைக்குள் வரவே தயங்கினார்கள். நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. சரி என்று எல்லாரும் வெளியே மரத்தடிக்குப் போனோம். அங்கே அவர்கள் வேறு ஆள்! பாடம் மாதிரி ஒன்று, இரண்டு என்று பிரித்துச் சொல்லவில்லை. அவர் அடிப்பார், பிள்ளைகள் தொடையில் தட்டிக்கொண்டே கேட்பார்கள். கேட்டுக் கேட்டுக் கை பழகிய பிறகுதான் துடியைக் கையில் கொடுத்தார்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் ஒரு பையன் துடியில் எல்லாருக்கும் முன்னால் போனான். மற்றப் பிள்ளைகள் அவனிடம் சந்தேகம் கேட்டார்கள். அதுவரை வகுப்பில் அவனிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. கீபோர்டு வாங்கியிருந்தாலும் இது நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. துடியில் நடந்தது.

ஏழூர் தம்பி:

நான் கோத்தன். இங்கே எங்கள் வாத்தியம் பேசப்படுவதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொள் என்பது நாதஸ்வரம் போல சீவாளி வைத்து ஊதுவது. அளவில் சிறியது. அதோடு கொம்பு, கிண்வர், தோபர் என்ற இரண்டு மத்தளங்கள், வட்டமான பறை எல்லாம் சேர்ந்தால்தான் எங்கள் மேளம். மெட்டுகளில் பிரிவு உண்டு. கடவுளுக்கு உரியவை வேறு, சாவுக்கு உரியவை வேறு, ஆட்டத்துக்கு உரியவை வேறு. சாவு மெட்டைச் சாவு இல்லாத நாளில் ஊத மாட்டோம். வீட்டில் சும்மா பழகக்கூட ஊத மாட்டார்கள். யூடியூபில் இருக்கிறதே என்று எடுத்து ஆண்டு விழாவில் ஒரு பள்ளி அதை ஒலிக்கவிட்டது. கூட்டத்தில் இருந்த எங்கள் பாட்டிமார் எழுந்து போய்விட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

அடுத்து, பழைய கதை. படுகர் வீட்டுச் சாவு, தோடர் வீட்டுச் சாவு இரண்டுக்கும் எங்கள் ஆட்கள்தான் வாசித்தார்கள். இரும்புச் சாமான், மண்பாண்டம், இசை இவற்றை நாங்கள் கொடுத்தோம். தானியமும் நெய்யும் அவர்கள் கொடுத்தார்கள். அந்த உறவில் நல்லதும் இருந்தது, எங்களைத் தாழ்த்தி வைத்ததும் இருந்தது. 1930-களில் படுகர்களில் சீர்திருத்தம் பேசியவர்கள் கோத்தர் மேளம் வேண்டாம் என்று கிளம்பினார்கள். பிறகு எங்கள் பக்கத்திலும், இனி அடுத்தவர் சாவுக்கு வாசிப்பதில்லை என்று விலகினோம். வாசித்ததை வைத்துத்தான் இழிவாகப் பார்த்தார்கள் என்பதால், படித்து வேலைக்குப் போன எங்கள் ஆட்களில் சிலர் கொள் வாத்தியத்தைத் தொடவே விரும்பவில்லை.

அதனால் டீச்சரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். சொல்லிக்கொடுப்பதென்றால் வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். "நீ கோத்தன்தானே, நீ வாசி, மற்றவர்கள் ஆடுங்கள்" என்று மட்டும் பிரித்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் என் தாத்தா நின்ற அதே இடத்தில் என் மகனைக் கொண்டுபோய் நிறுத்துவதாகும்.

ஹட்டி அக்கா:

தம்பி, படித்தேன். நான் படுகர். எங்கள் ஹட்டியில் இப்போது சாவுக்கு வெளியிலிருந்து பேண்டு வருகிறது. கோத்தர் மேளத்தில் ஆடிய நினைவு எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் மட்டும்தான் மிச்சம். நீங்கள் சொன்ன அந்தத் தாழ்த்தல் உண்மை, அதை மறைத்துவிட்டு "நம் பாரம்பரியம்" என்று பள்ளியில் பேசக்கூடாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த வரலாறும் புரியும். வாத்தியத்தோடு அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் டீச்சர்.

லைன் வீட்டு மணி:

உள்ளூர் வாத்தியம் என்ற பட்டியலில் எங்களுக்கு இடம் உண்டா? 1964 சாஸ்திரி - சிறிமா ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. டேன்டீயில் மூன்று தலைமுறை ஆகிவிட்டது. இன்னமும் 'சிலோன்காரன்' என்றுதான் சொல்கிறார்கள்.

எங்களுடையது தப்பு. அங்கே தோட்டத்தில் விடியற்காலையில் தப்பு அடித்துத்தான் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணிப் பிரிக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிடுவார்கள். வேலைக்கு விரட்டியதும் அதுதான், மாசியில் காமன் கூத்துக்கு ஆடவைத்ததும் அதுதான். காமன் கூத்துக்கென்று தனி அடி இருக்கிறது. அப்பாவுக்குத் தெரியும். எனக்குப் பாதி தெரியும். என் மகளுக்கு ஒன்றும் தெரியாது. ஏழூர் தம்பி சொன்ன அதே பயம் எங்களுக்கும் உண்டு. பறை, தப்பு என்றாலே சாதியைப் பார்க்கும் ஊர் இது. ஆனாலும் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக நின்று அடித்தால் என் மகள் தலை நிமிர்ந்து அடிப்பாள். அதைப் பார்க்க எனக்கு ஆசை.

கோத்தகிரி டீச்சர்:

மணி அண்ணா, என்ன கேள்வி இது? உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளி இது. தப்பு இல்லாமல் பட்டியல் கிடையாது.

அரவேணு அப்பா:

இதையெல்லாம் படித்தபிறகு கொஞ்சம் மனம் இளகத்தான் செய்கிறது. ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. இசை என்றால் சுரம் தெரிய வேண்டாமா? கீபோர்டில் ச ரி க ம வரிசையாகக் கண்ணால் பார்க்கலாம். கொள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதி என்கிறார்கள். அதில் எப்படிப் பாடம் நடத்துவது?

குன்னூர் பாட்டு டீச்சர்:

நான் கர்நாடக இசை படித்தவள், கீபோர்டும் சொல்லிக்கொடுக்கிறேன். அரவேணு சார் கேட்டது நல்ல கேள்வி.

கீபோர்டில் ஒரு ஸ்தாயியை, அதாவது ஒரு ச முதல் அடுத்த மேல் ச வரை உள்ளதை, பன்னிரண்டு சமமான பங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பங்குக்குள் அடங்காத சுரங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. கர்நாடக இசையில் சுரத்தை அசைத்து வளைக்கும் கமகங்களே அதில் அடங்குவதில்லை. அகில இந்திய வானொலி 1940-லிருந்து 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். கொள்ளில் துளை போடுவது கைக்கணக்கு, காதுக்கணக்கு. சேர்ந்து வாசிக்கிற இரண்டு கொள் தங்களுக்குள் பொருந்தினால் போதும், ஊட்டியில் இருக்கும் பியானோவோடு பொருந்த வேண்டியதில்லை. ஆகவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: கொள்ளையும் கீபோர்டையும் ஒரே மேடையில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் கொள்தான் 'சுருதி விலகுகிறது' என்று பெயர் வாங்கும். அது அநியாயம்.

சுரம் கற்பதற்குக் குரல் போதும். பாட்டில் தொடங்குங்கள். தோடர்களின் இசையே பெரும்பாலும் வாய்ப்பாட்டில்தான் இருக்கிறது. அதைக் கருவி இல்லாத இசை என்று குறைவாக நினைக்கக்கூடாது. மரே எமனோ என்ற மொழியியல் அறிஞர் 1930-களில் இங்கே வந்து தோடர் பாட்டுகளைக் கேட்டு எழுதி, பிறகு பெரிய தொகுப்பாகவே வெளியிட்டார். அவ்வளவு இருக்கிறது அதில்.

அறிவியல் டீச்சரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிவிசி குழாயை வெவ்வேறு நீளத்தில் வெட்டி, ஒரு முனையை அடைத்து ஊதச் சொல்லுங்கள். நீளம் பாதியானால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, தாளம் போல உலோகத்தில் செய்த கஞ்சக்கருவி என்று நம் பழைய பிரிவு இருக்கிறதே, பிள்ளைகள் வீட்டில் உள்ள வாத்தியங்களை எழுதிவந்து அதில் பிரித்துப் போடட்டும். ஒரு வாரப் பாடம் அதிலேயே ஓடிவிடும்.

வெளிநாட்டுச் சான்றிதழ் பற்றிப் பேசியதால் இதையும் சொல்கிறேன். ஜப்பானில் 2002-லிருந்து, நடுநிலைப் பள்ளியின் மூன்று வருடத்துக்குள் ஒவ்வொரு பிள்ளையும் தங்கள் நாட்டு மரபு வாத்தியம் ஒன்றையாவது கையில் எடுத்துப் பழக வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே வைத்துவிட்டார்கள். கொரியாவில் தான்சோ என்ற மூங்கில் குழலைப் பிள்ளைகளுக்காக பிளாஸ்டிக்கில் செய்து தொடக்கப் பள்ளிகளில் பழக்குகிறார்கள். அங்கேயும் பியானோ படிக்கும் பிள்ளைகள் ஏராளம். இரண்டும் ஒன்றாக ஓடுகின்றன.

மேட்டுப்பாளையம் தோல் பட்டறை:

பறை, தவிலுக்குத் தோல் போடுவது எங்கள் தொழில். மழைக்கு என்ன செய்வது என்று டீச்சர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் வந்தேன்.

தோல் ஈரத்தை இழுக்கும். இழுத்தால் தளரும், சத்தம் பொத்தென்று விழும். கீழே சமவெளியில் வெயிலில் வைத்தால் சரியாகிவிடும். உங்கள் ஊரில் அக்டோபர் தொடங்கினால் டிசம்பர் வரை மழையும் மூடுபனியும்தான். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூனிலேயே ஆரம்பித்துவிடும். ஆட்டக்காரர்கள் நெருப்பு மூட்டிக் காய்ச்சித்தான் அடிக்கிறார்கள். பள்ளிக்குள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நெருப்பு மூட்ட வேண்டாம். பழகுவதற்கு ஃபைபர் தோல் போட்ட பறை வாங்குங்கள். ஈரம் ஒன்றும் செய்யாது, நீண்ட நாள் அடி தாங்கும். நாதம் தோலுக்கு ஈடாகாது, அதையும் மறைக்கவில்லை. அதனால் ஒன்றிரண்டு தோல் பறையும் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு வித்தியாசம் காதில் விழட்டும். அடித்து முடித்ததும் சுவரில் சாய்க்காமல் துணியில் சுற்றி, தரைக்குக் கொஞ்சம் மேலே, சமையல்கூடத்துக்குப் பக்கத்து அறையில் தொங்கவிடுங்கள். அங்கேதான் சூடு இருக்கும்.

இன்னொன்று. பழைய வாத்தியம் யாராவது தந்தால் என்ன தோல் என்று கேட்டுவிடுங்கள். ஆடு, மாடு என்றால் பிரச்சினை இல்லை. கஞ்சிராவுக்கு அந்தக் காலத்தில் உடும்புத் தோல் போட்டார்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி அது இப்போது குற்றம். பள்ளி பீரோவில் அப்படி ஒன்று இருக்கக்கூடாது. மூங்கில் வேண்டுமென்றால் பட்டா நிலத்தில் வளர்ந்ததை வாங்குங்கள். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 2017-ல் சட்டத் திருத்தம் செய்து 'மரம்' என்ற வரையறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். காட்டுக்குள் வெட்டினால் வனத்துறை கேட்கும்.

அப்புறம், தகரக் கூரை வகுப்பறையில் இருபது பறையை ஒன்றாக அடிக்கவிடாதீர்கள். காது போய்விடும். மைதானத்தில் அடியுங்கள்.

ஹட்டி அக்கா:

பெண் பிள்ளைகள்? அதைப் பற்றி யாரும் பேசவில்லையே. வகுப்பில் பாதி அவர்கள்தானே.

ஏழூர் தம்பி:

அக்கா, எங்கள் ஊரில் வாத்தியம் ஆண்கள் வாசிப்பது. பெண்கள் பாடுவார்கள், ஆடுவார்கள். கோயில் நாட்களில் அந்த முறை மாறாது, அதை மாற்றச் சொல்லிப் பள்ளி எங்களிடம் கேட்கவும் கூடாது. ஆனால் பள்ளி கோயில் இல்லை. பள்ளிக்கென்று வாங்கிய பறையில் தாளம் பழக எந்தப் பிள்ளைக்கும் தடை இருக்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். ஊர்ப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டுத்தான் முடிவு சொல்வேன்.

ஆனால் பாட்டை மறந்துவிடாதீர்கள். எங்கள் பாட்டு பெரும்பாலும் பெண்களிடம் இருக்கிறது. ஆசான் என்று தேடும்போது ஆண்களை மட்டும் தேடினால் பாதி இசை வீட்டிலேயே தங்கிவிடும். என் அத்தையைக் கூப்பிடுங்கள். அவருக்குத் தெரிந்த பாட்டுகளை எண்ணி முடிக்க முடியாது.

லைன் வீட்டு மணி:

தப்புக்கு அந்தக் கட்டுப்பாடு எங்கள் வீட்டில் கிடையாது. என் மகளே முதலில் அடிக்கட்டும்.

ஓய்வுபெற்ற எச்.எம்.:

நல்ல பேச்சு. நிர்வாகம் பார்த்தவன் என்ற முறையில் சில விஷயங்கள்.

வாத்தியம் வாங்குவது சுலபம். பணம் வந்ததும் வாங்கி, படம் எடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்ட பள்ளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில்தான் பூட்டுகிறார்கள். அதனால் தீர்மானத்திலேயே "பயன்பாட்டில் தேயும் பொருள்" என்று எழுதிவிடுங்கள். பழுதுபார்க்கவும் ஒரு தொகையை ஒதுக்குங்கள்.

பணத்தில் பெரும்பகுதி ஆளுக்குப் போக வேண்டும். வந்து சொல்லிக்கொடுக்கும் பெரியவருக்குப் பொன்னாடை போர்த்தி டீ கொடுத்து அனுப்பும் பழக்கத்தை நிறுத்துங்கள். அன்றைக்கு அவர் தோட்ட வேலைக்குப் போயிருந்தால் கூலி வாங்கியிருப்பார். கீபோர்டு மாஸ்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு என்ன கொடுப்பீர்களோ அதையே இவருக்கும் கொடுங்கள், பஸ் செலவும் சேர்த்து. கையெழுத்து வாங்கும் வவுச்சரில் 'உதவியாளர்' என்று எழுதாமல் 'இசை ஆசிரியர்' என்று எழுதுங்கள். மனிதருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நேரில் பார்த்தால்தான் தெரியும்.

2022-23-லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. அதில் கருவி இசையும் உண்டு. நல்ல வாய்ப்புதான். ஆனால் முதல் வருடமே போட்டிக்கு அனுப்பாதீர்கள். போட்டி என்று வந்துவிட்டால் நாலு கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பழக்குவோம், மற்றவர்கள் உட்கார்ந்து கைதட்டுவார்கள். நீங்கள் தொடங்கியதன் நோக்கமே அடிபட்டுப்போகும்.

முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது, பிள்ளைகளை அழைத்துப் போங்கள். கோத்தகிரியிலேயே ரேடியோ கோத்தகிரி இருக்கிறது. பழங்குடி மொழிகளில் நிகழ்ச்சி நடத்துகிறார்கள். ரிச்சர்ட் வுல்ஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் கோத்தர் ஊரில் தங்கி அவர்கள் இசையைப் பதிவு செய்து பெரிய நூலே எழுதினார். அமெரிக்காவில் படிக்கிறார்கள், கோத்தகிரிப் பிள்ளைக்குத் தெரியவில்லை. இது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம்.

அரவேணு அப்பா:

பணத்தில் ஒரு கீபோர்டு மட்டும் வாங்கிக்கொண்டு மீதியை இதற்குப் போட முடியாதா? பாட்டு டீச்சர் சொன்ன மாதிரி இரண்டையும் சேர்க்க வேண்டாம், தனித்தனியாக இருக்கட்டும். ஒரு பிள்ளைக்காவது கீபோர்டில் நாட்டம் இருந்தால் அவனுக்கும் வழி வேண்டும். இதற்கு ஒத்துக்கொண்டால் கூட்டத்தில் நானே உங்கள் பக்கம் பேசுகிறேன்.

கோத்தகிரி டீச்சர்:

சார், மனப்பூர்வமாகச் சம்மதம். உங்கள் வார்த்தைக்குக் கூட்டத்தில் மதிப்பு உண்டு, கட்டாயம் வாருங்கள்.

எல்லாரும் சொன்னதை வைத்து இப்படி யோசித்திருக்கிறேன். ஜூன் முதல் பாட்டு மட்டும். ஏழூர் தம்பியின் அத்தை, ஹட்டியிலிருந்து ஒருவர், இருளர் பதியிலிருந்து ஒருவர் என்று மாற்றி மாற்றி வருவார்கள். எல்லாப் பிள்ளைகளும் எல்லா மொழிப் பாட்டும் பாடுவார்கள். பிறகு ஃபைபர் பறையில் தப்பு அடி, ஆறு முதல் எட்டு வரை அத்தனை பேருக்கும். மணி அண்ணாவின் அப்பாதான் ஆசிரியர், வவுச்சரில் அப்படித்தான் எழுதுவேன். கொள் ஊதக் கற்பது இந்த வருடம் கிடையாது. வாயில் காற்றைத் தேக்கிக்கொண்டே மூக்கால் மூச்சிழுத்து ஊதும் வித்தை அது, பத்து வயதில் அவசரப்படுத்தக்கூடாது. ஆனால் கேட்பதற்கு, தொட்டுப் பார்ப்பதற்கு, செய்பவரிடம் கேள்வி கேட்பதற்கு ஒரு நாள் வேண்டும். எந்த மெட்டை வாசிப்பது என்பதை வாசிக்க வருபவரே தீர்மானிக்கட்டும். செல்போனில் பதிவு செய்வதும் அவர் சரி என்றால் மட்டும்.

தம்பி, அந்த ஒரு நாளுக்கு உங்கள் ஊரில் யாரைக் கேட்பது? ஜனவரி சரிவருமா?

பந்தலூர் வாத்தியார்:

ஒரு சின்ன யோசனை. வகுப்பில் நாற்காலி போடாமல் முதலிலேயே வெளியே உட்காருங்கள்.

ஏழூர் தம்பி:

ஜனவரி வேண்டாம் டீச்சர். திருவிழா நேரம், ஊரை விட்டு யாரும் வர மாட்டார்கள். பிப்ரவரியில் வையுங்கள், பனியும் குறைந்திருக்கும், தோலும் நன்றாகப் பேசும். என் மாமா கொள் செய்பவர், ஊதுபவரும் அவரே. ஊர்ப் பெரியவர்களிடம் நான் முதலில் பேசுகிறேன். அவர்கள் சரி என்றால் மாமாவோடு இன்னும் நான்கு பேர் வருவார்கள், ஆட்ட மெட்டு மட்டும் வாசிப்பார்கள். பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்க வேண்டாம், ஆட வேண்டும். மைதானத்தைக் காலி செய்து வையுங்கள்.